உடற்கல்வி ஆசிரியர் பயிற்சிப் படிப்புக்குத் தர அங்கீகாரம்: முழுமையான வழிகாட்டி

தர அங்கீகாரக் குழு வருகிறது என்று தெரிந்ததும் பல உடற்கல்வித் துறைகளில் முதலில் நடப்பது இதுதான்: மைதானத்தில் புதிதாகச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள், உபகரண அறையில் எல்லாப் பந்துக்கும் காற்றடிப்பார்கள், கண்ணாடி அலமாரியிலிருக்கும் கோப்பைகளைத் துடைத்து வைப்பார்கள். வருகிறவர்கள் அந்த அலமாரிப் பக்கம் அதிகம் நிற்பதில்லை. அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். உங்களிடம் படித்துப் போனவர் எடுக்கும் வகுப்பில், பந்தைப் பிடிக்கத் தெரியாமல் வந்த பிள்ளை பிடிக்கக் கற்றுக்கொண்டதா? கற்றுக்கொண்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்கு மைதானத்திலிருந்து பதில் கொண்டுவருவதுதான் மொத்த வேலையும். படிப்பை ஒருங்கிணைக்கும் பொறுப்பு தலையில் விழுந்த பேராசிரியருக்காக எழுதுகிறேன். கையில் மூன்று ஆண்டு இருந்தால் நிம்மதியாகச் செய்யலாம். ஒன்றரை ஆண்டுக்குக் கீழே போனால் தூக்கம் கெடும்.

படி 1: எதற்கு விண்ணப்பிக்கிறோம் என்பதில் தெளிவு

'அங்கீகாரம்' என்ற ஒரே சொல்லில் மூன்று விஷயங்கள் புழங்குகின்றன. படிப்பை நடத்தச் சட்டப்படி தேவையான அனுமதி ஒன்று. கல்வி நிறுவனம் முழுமைக்குமான தரச்சான்று இன்னொன்று. ஆசிரியர் பயிற்சிப் படிப்பை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்கும் மதிப்பீடு மூன்றாவது. இந்தியாவில் முதலாவதைத் தருவது 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். இரண்டாவதைத் தருவது 1994இல் தொடங்கப்பட்ட நாக் எனப்படும் தேசிய மதிப்பீடு மற்றும் தர அங்கீகாரக் குழு. அமெரிக்காவில் மூன்றாவது வகை வலுவாக இருக்கிறது. என்கேட், டீக் என்ற இரண்டு பழைய அமைப்புகள் 2013இல் இணைந்து கேப் என்ற அமைப்பானது, அது ஆசிரியர் பயிற்சியை மட்டுமே மதிப்பிடுகிறது. உடற்கல்விக்கென்று தனித் தரநிலைகளை அங்கே எழுதியிருப்பது ஷேப் அமெரிக்கா, 1885இல் தொடங்கிய ஓர் உடற்கல்விச் சங்கத்தின் இன்றைய பெயர்.

நாடு எதுவானாலும் நடைமுறையின் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான். ஐரோப்பிய உயர்கல்விக்காக 2015இல் திருத்தப்பட்ட பொது நெறிமுறைகள் அதை நான்கு கட்டமாகச் சொல்கின்றன: சுயமதிப்பீடு, நேரடி ஆய்வோடு கூடிய வெளி மதிப்பீடு, அறிக்கை, தொடர் நடவடிக்கை. மதிப்பீட்டுக் குழுவில் ஒரு மாணவரும் இருக்க வேண்டும் என்கிறது அதே ஆவணம். மாணவர் உறுப்பினர் கேட்கும் கேள்விகள்தான் பல சமயம் நெஞ்சில் நேராகக் குத்தும்.

ஆக, முதல் வாரத்து வேலை சின்னது. யார் மதிப்பிடுகிறார்கள், எந்தப் பட்டத்தை, எந்த ஆண்டுத் தரநிலையின்படி, சான்று எத்தனை ஆண்டு செல்லும் என்று ஒரே பக்கத்தில் எழுதி எல்லா ஆசிரியருக்கும் கொடுங்கள். தரநிலை ஆவணத்தின் ஆண்டை இரண்டு முறை சரிபாருங்கள். பழைய பதிப்பை வைத்து ஆறு மாதம் உழைத்தபின் புதியது வந்துவிட்டது என்று தெரிவது நடக்கிற கதைதான்.

படி 2: தரநிலையைப் பாடத்திட்டத்தோடு பொருத்திப் பாருங்கள்

ஷேப் அமெரிக்காவின் 2017 தரநிலைகளை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவை சுருக்கமானவை. மொத்தம் ஆறு: பாட அறிவும் அதன் அடிப்படைகளும், விளையாட்டுத் திறனும் உடல்தகுதியும், திட்டமிட்டு நடத்துதல், கற்பித்தலும் வகுப்பு மேலாண்மையும், பிள்ளைகளின் கற்றலை மதிப்பிடல், தொழில்முறைப் பொறுப்பு. உங்கள் நாட்டுத் தரநிலையில் சொற்கள் வேறாக இருக்கலாம், உள்ளடக்கம் இதைச் சுற்றித்தான் வரும்.

ஒரு பெரிய தாளில் வரிசைகளில் தரநிலையின் உட்பிரிவுகளையும் நெடுவரிசைகளில் உங்கள் பாடங்களையும் எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றில் ஓர் எழுத்து: அறிமுகம் ஆனால் 'அ', பயிற்சி கொடுத்தால் 'ப', மதிப்பெண் போட்டு மதிப்பிட்டால் 'ம'. எதுவும் இல்லையென்றால் வெறுமையாக விடுங்கள். பாடம் நடத்துகிறவரே தன் நெடுவரிசையை நிரப்ப வேண்டும். ஒருங்கிணைப்பாளர் அறையில் உட்கார்ந்து நிரப்பினால் அது கற்பனைப் படம்.

நிரம்பிய தாளைப் பார்த்தால் துறைக்குத் துறை ஒரே மாதிரி ஓட்டைகள் தெரியும். உடற்கூறியல், உடலியங்கியல், விளையாட்டு விதிகள் எல்லாம் நிரம்பி வழியும். 'பிள்ளைகளின் கற்றலை மதிப்பிடல்' வரிசையில் இரண்டு 'அ' இருக்கும், ஒரு 'ம' கூட இருக்காது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை அதே வகுப்பில் சேர்த்துக் கற்பிப்பது ஒரே ஒரு விருப்பப் பாடத்தில் ஒளிந்துகொண்டிருக்கும். உடற்கல்வி எல்லோருக்குமான அடிப்படை உரிமை என்று யுனெஸ்கோவின் சாசனம் 1978லேயே சொல்லிவிட்டது, எனவே இந்த ஓட்டையை எந்தக் குழுவும் கண்டும் காணாமல் விடாது.

ஓட்டை தெரிந்ததும் புதுப் பாடம் சேர்க்க ஓட வேண்டாம். பாடத்திட்டக் குழு, கல்விக் குழு என்று அதற்கு ஒரு வருடம் போய்விடும். இருக்கிற பாடத்தில் ஓர் ஒப்படைவை மாற்றினாலே பல ஓட்டைகள் அடையும். கூடைப்பந்து செய்முறைப் பாடத்தில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பிள்ளையையும் சேர்த்து அதே பாடத்தைத் திட்டமிடச் சொல்லுங்கள், மதிப்பெண்ணும் போடுங்கள். அந்த வெற்றுக் கட்டத்துக்கு ஒரு 'ம' வந்துவிட்டது.

படி 3: மதிப்பீட்டுக் கருவிகள் (அவசரம் காட்டக் கூடாத இடம்)

விண்ணப்பங்கள் அதிகம் அடிவாங்குவது இங்கேதான் என்பது என் கணிப்பு. நாற்பது வகைச் சான்று காட்டத் தேவையில்லை. படிப்பு முழுவதிலும் ஆறிலிருந்து எட்டு முக்கியக் கருவிகள் போதும்: பாட அறிவுத் தேர்வு, விளையாட்டுத் திறன் மதிப்பீடு, பாடத் திட்ட அலகு, கற்பித்தல் பயிற்சிக் கண்காணிப்புப் படிவம், பிள்ளைகளின் கற்றலைக் காட்டும் தொகுப்பு, தொழில்முறை நடத்தைப் படிவம். இவற்றில் கண்காணிப்புப் படிவம்தான் உயிர்நாடி.

பழைய படிவம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். 'மாணவர்கள் ஆர்வமுடன் பங்கேற்றனர்: மிக நன்று / நன்று / சுமார்' என்று இருக்கும். இதில் 'நன்று' என்பதற்கு என்ன பொருள்? போட்டவருக்கே தெரியாது.

இப்போது மைதானத்துக்கு வாருங்கள். முப்பது பிள்ளைகள், ஒரு கூடை, ஒரே வரிசை. ஒவ்வொருவருக்கும் ஒரு முயற்சிக்குப் பத்து நொடி. ஒரு பிள்ளைக்கு மறுபடி முறை வர ஐந்து நிமிடம் ஆகும். இருபது நிமிடச் செயல்பாட்டில் ஆளுக்கு நான்கே முயற்சி. அதே முப்பது பேரை ஆறு வரிசையாகப் பிரித்து, சுவரில் குறி வரைந்து கொடுத்தால் ஐம்பது நொடிக்கு ஒருமுறை முறை வரும், இருபத்து நான்கு முயற்சி கிடைக்கும். இரண்டு வகுப்பையும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒழுங்காகத்தான் தெரியும். முதல் வகுப்பு இன்னும் ஒழுங்காகத் தெரியும், வரிசை நேராக நிற்குமே!

அதனால் படிவத்தின் வரி இப்படி மாற வேண்டும். 'தொடக்க நிலை: பெரும்பாலான பிள்ளைகள் முறைக்காகக் காத்து நிற்கிறார்கள், பயிற்சி ஆசிரியர் அதைக் கவனிக்கவில்லை. வளரும் நிலை: காத்திருப்பதைக் கவனித்துப் பாடத்தின் நடுவில் குழுக்களை மாற்றுகிறார். எதிர்பார்க்கும் நிலை: இடமும் உபகரணமும் அனுமதிக்கும் அளவுக்குச் சிறு குழுக்கள் முதலிலேயே திட்டமிடப்பட்டுள்ளன, ஒவ்வொரு பிள்ளைக்கும் பொருத்தமான கடினத்தில் அடுத்தடுத்து முயற்சி கிடைக்கிறது.' கண்ணால் பார்த்து எண்ணக்கூடியது மட்டும் எழுதுங்கள். இதற்கு முன்னோடிகள் உண்டு. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேரில் சீடன்டாப்பும் அவருடன் பணியாற்றியவர்களும், ஒரு பிள்ளை பாடத்தோடு தொடர்புள்ள வேலையை வெற்றியோடு செய்யும் நேரத்தை அளக்கும் முறையை உருவாக்கினார்கள். 1991இல் வெளியான சோஃபிட் என்ற முறை பிள்ளை படுத்திருக்கிறதா, உட்கார்ந்திருக்கிறதா, நிற்கிறதா, நடக்கிறதா, வேகமாக இயங்குகிறதா என்று குறித்த இடைவெளியில் பதிவு செய்கிறது. இவற்றை அப்படியே எடுத்தாளலாம், உங்கள் படிவத்துக்கு அடிப்படையாகவும் வைக்கலாம்.

படிவம் எழுதியாகிவிட்டதா? அப்புறம் இரண்டு சோதனை.

முதலாவது, சரியானதைத்தான் அளக்கிறோமா என்பது. பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள், வேறு கல்லூரி ஆசிரியர்கள் என்று பத்துப் பேரிடம் படிவத்தைக் கொடுத்து, ஒவ்வொரு வரியும் 'இன்றியமையாதது'தானா என்று கேளுங்கள். லாஷே என்பவர் 1975இல் தந்த எளிய சூத்திரம் இதற்கு உதவும். இன்றியமையாதது என்றவர்களின் எண்ணிக்கையிலிருந்து மொத்தப் பேரில் பாதியைக் கழித்து, அந்தப் பாதியாலேயே வகுக்க வேண்டும். பத்தில் ஒன்பது பேர் சொன்னால் 0.8. எட்டுப் பேர் சொன்னால் 0.6. பத்துப் பேர் குழுவுக்கு அவர் வைத்த குறைந்தபட்ச அளவு 0.62. அதாவது எட்டுப் பேரின் சம்மதம்கூடப் போதாது, அந்த வரியைத் திருத்த வேண்டும்.

இரண்டாவது, இருவர் பார்த்தால் ஒரே மதிப்பெண் வருகிறதா என்பது. இருபது வகுப்புக் காணொளிகளை இரண்டு பேராசிரியர்கள் தனித்தனியாகப் பார்த்து 'தேர்ச்சி', 'தேர்ச்சி இல்லை' என்று போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதினான்கில் இருவரும் தேர்ச்சி என்கிறார்கள், இரண்டில் இருவரும் இல்லை என்கிறார்கள், மீதி நான்கில் மாறுபடுகிறார்கள், ஆளுக்கு இரண்டில் தேர்ச்சி போட்டு. பதினாறு ஒத்துப்போகிறது, எண்பது விழுக்காடு. நன்றாகத்தானே இருக்கிறது? பொறுங்கள். இருவருமே எண்பது விழுக்காடு பேருக்குத் தேர்ச்சி போடுகிறவர்கள். கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தாலும் அறுபத்தெட்டு விழுக்காடு தற்செயலாகவே ஒத்துப்போயிருக்கும். கோஹன் 1960இல் முன்வைத்த கப்பா கணக்கு இந்தத் தற்செயலைக் கழித்துவிடுகிறது: 0.80இல் இருந்து 0.68ஐக் கழித்து 0.32ஆல் வகுத்தால் 0.375. பெருமைப்பட ஒன்றுமில்லை.

எங்கள் துறையில் இந்த எண் முதல்முறை வந்தபோது அறை கொஞ்ச நேரம் அமைதியானது. அப்புறம் எல்லோரும் சேர்ந்து அதே காணொளிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். ஒருவர் குரல் வளத்துக்கு மதிப்பெண் போட்டிருந்தார், இன்னொருவர் பிள்ளைகள் செய்ததைப் பார்த்துப் போட்டிருந்தார். படிவம் அதற்குப்பின்தான் உண்மையில் உருவானது. இந்த உரையாடலின் குறிப்பை அப்படியே சான்றாக வையுங்கள். குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததற்கான தடயம் எந்தக் குழுவுக்கும் பிடிக்கும்.

படி 4: பயிற்சிப் பள்ளிகளும் வழிகாட்டி ஆசிரியர்களும்

பயிற்சி மாணவர் மைதானத்தில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர் நீங்கள் அல்ல, பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். படிவத்தை அவர்தான் நிரப்பப் போகிறார். அவரைப் படிவத் தயாரிப்பிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள், ஆண்டுக்கு ஒருமுறையாவது அரைநாள் உட்கார்ந்து காணொளி பார்த்து மதிப்பிடுங்கள். வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். 'பேருந்து வசதி இருந்தது' என்பது காரணமாகாது.

எல்லா மாணவரும் ஒரே வகைப் பள்ளிக்குப் போகிறார்களா என்றும் பாருங்கள். தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, மைதானமே இல்லாத பள்ளி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்று யார் எங்கே எத்தனை மணி நேரம் இருந்தார் என்ற ஓர் அட்டவணை போதும். அதைப் பின்னால் திரட்ட முடியாது, அன்றன்றே பதிய வேண்டும்.

படி 5: பயிற்சி மாணவரின் திறனும் உடல்தகுதியும்

மற்ற பாட ஆசிரியர் பயிற்சியில் இல்லாத சிக்கல் இது. ஷேப் 2017 தரநிலை, அடிப்படை இயக்கத் திறன்கள் எல்லாவற்றிலும் தேர்ச்சியும் விளையாட்டு, நீச்சல், நடனம் போன்ற உடற்கல்விப் பிரிவுகளில் குறைந்தது நான்கில் நல்ல திறனும் வேண்டும் என்கிறது. படிப்புக் காலம் முழுவதும் உடல்நலத்துக்கு உகந்த தகுதி நிலையைப் பேண வேண்டும் என்றும் சொல்கிறது. சேர்க்கையின்போது ஒரே ஒருமுறை நூறு மீட்டர் ஓடவிட்டு நேரம் குறித்த காகிதம் இதற்குச் சான்றாகாது. தொடக்கம், நடு, இறுதி என்று அளந்து, இடையில் மாணவரே தனக்கென்று போட்ட பயிற்சித் திட்டத்தையும் வையுங்கள்.

மாநில அளவில் ஆடிய வீரருக்கு ஒரு விளையாட்டில் தானாக முழு மதிப்பெண் போடுவது பழக்கத்தில் இருந்தால் அதை நிறுத்துங்கள். தனக்கு இயல்பாக வரும் ஓர் அசைவைப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க அவருக்குத்தான் சில சமயம் அதிகம் சிரமம்.

மாற்றுத்திறன் கொண்ட பயிற்சி மாணவருக்கு என்ன மாற்று ஏற்பாடு என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். மேலே சொன்ன தரநிலையே அதை வெளிப்படையாக அனுமதிக்கிறது.

படி 6: பள்ளிப் பிள்ளை கற்றதற்கான சான்று

முதலில் கேட்ட கேள்விக்கு நேரடிப் பதில் இங்கே வருகிறது. ஒவ்வொரு பயிற்சி மாணவரும் ஓர் அலகை எடுத்து, தொடங்கும்முன் பிள்ளைகளை அளந்து, கற்பித்து, மறுபடி அளந்து, என்ன மாறியது, யாருக்கு மாறவில்லை, ஏன் என்று எழுத வேண்டும். இறுதியாண்டில் இப்படி ஒரு கற்பித்தல் செயல்திறன் மதிப்பீட்டை ஆஸ்திரேலியா எல்லா ஆசிரியர் பயிற்சிப் படிப்புகளுக்கும் கட்டாயமாக்கியிருக்கிறது.

அளக்கும்போது எத்தனை மீட்டர் எறிந்தது என்பதைவிட எப்படி எறிந்தது என்பதைப் பாருங்கள். இரண்டு மாதத்தில் பிள்ளை வளர்ந்தாலே தூரம் கூடிவிடும், உங்கள் மாணவரின் கற்பித்தலுக்கு அது சான்றில்லை. ஓடுதல், எறிதல் போன்ற அடிப்படை இயக்கத் திறன்களை அளக்க டேல் உல்ரிக் உருவாக்கிய டிஜிஎம்டி சோதனை, 1985இல் முதல் பதிப்பு வந்தது, இந்த வழியில்தான் போகிறது. எறியும் கைக்கு எதிர்ப்புறக் காலை முன்னே வைத்ததா, எறிந்தபின் கை உடலின் குறுக்கே போகிறதா என்று அசைவின் கூறுகளைப் பார்க்கிறது. மூன்று முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கானது அது, மேல்வகுப்புகளுக்கு நீங்களே அதே பாணியில் பட்டியல் எழுதலாம்.

முன்னேற்றம் காட்டாத வகுப்புகளை ஒளிக்காதீர்கள். எல்லா வகுப்பிலும் எல்லாப் பிள்ளையும் முன்னேறியதாகக் காட்டும் தரவைத்தான் அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் முதலில் சந்தேகிப்பார். பள்ளியிலும் பெற்றோரிடமும் அனுமதி வாங்காமல் பிள்ளைகளைக் காணொளி எடுக்கவே கூடாது.

வேலைக்குப் போன பழைய மாணவர்களையும் அவர்களுடைய தலைமையாசிரியர்களையும் தொடர்புகொள்ள வேண்டும். பத்துக் கேள்விக்கு மேல் அனுப்பினால் பதில் வராது. நேரில் பேசிய ஐந்து உரையாடல்கள் பதில் வராத ஐம்பது படிவங்களைவிட மேல்.

படி 7: தரவைப் பார்த்து எதையாவது மாற்றுங்கள்

கேப் குறைந்தது மூன்று சுற்றுத் தரவு கேட்கிறது. ஒரு சுற்று என்பது ஒரு கருவியை ஒரு தொகுதி மாணவர்களிடம் ஒருமுறை முழுதாகப் பயன்படுத்துவது. மூன்று ஆண்டு இருந்தால் நிம்மதி என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எல்லோரும் உட்காருங்கள். கூட்டக் குறிப்பில் மூன்று வரி கட்டாயம்: எந்த எண் உறுத்தியது, ஏன் என்று நினைக்கிறோம், அடுத்த பருவத்தில் யார் எதை மாற்றுவார். அடுத்த கூட்டத்தின் முதல் வேலை, அந்த மாற்றம் நடந்ததா என்று கேட்பது. ஒரு தொகுதியில் பன்னிரண்டே பேர் இருந்தால் விழுக்காட்டை வைத்துப் பெரிய முடிவுக்குப் போகாதீர்கள், இரண்டு பேர் மாறினாலே பதினேழு விழுக்காடு ஆடிவிடும். அந்த இடத்தில் எண்ணிக்கையையே எழுதுங்கள்.

படி 8: சுயமதிப்பீட்டு அறிக்கை

இவ்வளவும் முடிந்தபின்தான் எழுத உட்கார வேண்டும். முதலிலேயே எழுதத் தொடங்கினால் இல்லாத சான்றுக்கு வார்த்தை அலங்காரம் செய்ய வேண்டிவரும். எழுதுகிறவர் ஒருவராக இருக்கட்டும். ஆளுக்கொரு அத்தியாயம் பிரித்துக்கொண்டால் ஒரே படிப்பைப் பற்றி ஏழு பேர் ஏழு கதை சொன்னதுபோல் இருக்கும்.

ஒவ்வொரு தரநிலைக்கும் ஒரே வரிசை: நாங்கள் சொல்வது இது, சான்று இது, சான்று காட்டுவது இது, அதன் குறை இது, செய்யப்போவது இது. விழா, பரிசு, பாராட்டுக் கடிதம் எதற்கும் இங்கே இடமில்லை. வெளியாள் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அவருக்குப் புரியாத இடத்தில் கோடு போடச் சொல்லுங்கள். மைதானம், நீச்சல் குளம், முதலுதவி, காப்பீடு, நிதி, ஆசிரியர் எண்ணிக்கை எல்லாம் நேரடி ஆவணங்கள், ஓர் அலுவலர் இரண்டு வாரத்தில் திரட்டிவிடுவார்.

படி 9: நேரடி ஆய்வு

குழு வருவதற்குமுன் அறிக்கையைப் படித்துக் கேள்விகள் அனுப்புவது பல அமைப்புகளில் வழக்கம். அந்தக் கேள்விகளைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டு மறுப்பு எழுதாதீர்கள். எங்கே தோண்டப்போகிறார்கள் என்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் வரைபடம் அது. கேட்டதற்கு மட்டும், கேட்ட வரிசையில், சான்றோடு பதில் கொடுங்கள்.

ஆய்வு நாளில் மாணவர்களுக்கு வசனம் சொல்லிக்கொடுக்காதீர்கள். பத்து மாணவர்கள் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் குழு பேனாவை மூடிவிடும். மாணவருக்குத் தன் கண்காணிப்புப் படிவம் தெரிந்திருந்தால் போதும். 'போன முறை இந்த வரியில் குறைவாக வாங்கினேன், அதனால் குழுக்களைச் சிறிதாக்கினேன்' என்று ஒரு மாணவர் தன் பாடக்குறிப்பேட்டைத் திறந்து காட்டினால், அதற்குமேல் நீங்கள் பேச வேண்டியிருக்காது. வழிகாட்டி ஆசிரியர்களையும் சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள். அன்று வழக்கமாக நடக்கும் வகுப்பையே காட்டுங்கள், மழை வந்தால் வராந்தாவில் நடக்கும் வகுப்பையும்.

படி 10: முடிவு வந்தபின்

முடிவு பெரும்பாலும் வெறும் ஆம், இல்லை என்று வராது. கேப் இரண்டு வகைக் குறிப்பு வைத்திருக்கிறது. மேம்படுத்த வேண்டிய இடம் என்பது மிதமானது, ஆண்டறிக்கைகளில் முன்னேற்றம் காட்டினால் போதும். நிபந்தனை என்பது கடுமையானது, இரண்டு ஆண்டுக்குள் சரிசெய்யாவிட்டால் அங்கீகாரமே போய்விடும். முழு அங்கீகாரம் அங்கே ஏழு ஆண்டு செல்லும். உங்கள் அமைப்பின் கடிதத்திலும் இந்த வேறுபாட்டைத் தேடிப் பாருங்கள். ஒரே பத்தியில் பாராட்டோடு கலந்து வந்திருக்கும், மேலோட்டமாகப் படித்தால் தவறிவிடும்.

அறிக்கையில் தகவல் பிழை இருந்தால் திருத்தம் கேட்கக் குறுகிய கெடு தருவார்கள். அந்தத் தேதியைக் கடிதம் வந்த அன்றே நாட்காட்டியில் குறியுங்கள். கூடவே முதல் ஆண்டறிக்கைத் தேதியையும் அடுத்த தொகுதிக்குக் கண்காணிப்புப் படிவம் போகவேண்டிய தேதியையும் குறித்து, ஒருங்கிணைப்பாளர் மாறினாலும் தொலையாதபடி துறையின் பொதுக் கோப்பில் வையுங்கள்.